பதினான்காம் பக்கத்துத் துரு

நீ அச்சடித்துக் கொண்டுவந்திருக்கும் தாளில் எல்லோரும் இருக்கிறார்கள். பேராசிரியர் இருக்கிறார், உதவிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், உளவியலாளர் இருக்கிறார், வாசலில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கொட்டாவி விடும் எழுத்தர்கூட இருக்கிறார். 'மனநலப் பிரிவில் பதினைந்து நாட்கள்: மாணவர்கள் யாரைச் சந்திப்பார்கள், எதை எதிர்பார்க்கலாம்.' தலைப்பில் குறையில்லை. ஆனால் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் இருப்பவரை விட்டுவிட்டாய். எல்லோருமே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மாணவர் அணிக்கும் தன் கதையை முதலிலிருந்து சொல்லி, அவர்களை மருத்துவர்களாக்கி அனுப்பிவிட்டு, அடுத்த அணிக்காகத் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த நோயாளியை. நான் மாணவியாக இருந்தபோது அந்தக் கட்டிலில் இருந்தவர் பெயர் பேராச்சி. முதலில் அதை எழுதிக்கொள். பேராச்சி. 'நோயாளி பி., வயது நாற்பத்தொன்று' என்று எழுதாதே. அப்படி எழுதியவள் நான்.

உட்கார். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் இருப்பதை இழுத்துக்கொள். புதிதாக வரும் மாணவர்களுக்குப் பத்துக் குறிப்புகள் வேண்டும் என்றாய், தருகிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாய். துறை நூலகத்தில் இருக்கும் மாதிரிப் பதிவேட்டில், பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில், இரண்டு துருப்புள்ளிகள் ஏன் இருக்கின்றன என்று. முப்பத்து மூன்று ஆண்டுகளாக அந்தப் பதிவேடு அங்கே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதாத மாணவர் இந்தக் கல்லூரியில் கிடையாது. வாக்கியம் வாக்கியமாக, அரைப்புள்ளி உட்பட, பார்த்து எழுதுவார்கள். துருவைப் பற்றிக் கேட்டவள் நீ ஒருத்திதான். ஒன்று நீ கூர்மையானவளாக இருக்க வேண்டும். அல்லது உனக்கு வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும்.

சொல்கிறேன். நான் பொய் சொல்வதில்லை. என்னைப் பிடிக்காதவர்கள்கூட, அவர்கள் சிறுபான்மையினர் அல்லர், அதை ஒப்புக்கொள்வார்கள்.

முதல் குறிப்பாக இதை வைத்துக்கொள்: பயப்பட ஒன்றுமில்லை. மனநலப் பிரிவு என்றவுடன் அடிப்பார்கள், கடிப்பார்கள், சேலையைக் கிழிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கொண்டையை இறுக்கிக் கட்டி, காதில் கம்மல்கூட இல்லாமல். உள்ளே போனால் பதினெட்டுப் பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். அங்கே நடப்பதெல்லாம் காத்திருத்தல். யாரோ வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள் என்ற காத்திருத்தல். அதற்கு நம் நூல்களில் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் நாம் அதைப் பார்ப்பதும் கிடையாது.

இரண்டாம் நாள் பேராசிரியர் தாணுமூர்த்தி எனக்குப் பேராச்சியை ஒதுக்கினார். "நல்ல கேஸ்மா, அதிர்ஷ்டம் உனக்கு" என்றார். நல்ல கேஸ் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்லும், அழாது, அறிகுறி தெளிவாக இருக்கும். பேராச்சி ஆறு ஆண்டுகளாக நல்ல கேஸ். உண்மையாகவே நோயுற்றுத்தான் வந்தார். காதில் குரல்கள் கேட்டிருக்கின்றன, கிணற்றடியில் இரவு பகலாக நின்றிருக்கிறார். மாத்திரையில் ஓராண்டுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளாக அவர் அங்கே இருந்ததற்குக் காரணம் நோயன்று. உறவினர் ஒருவர் வந்து கையெழுத்திட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். யாரும் வரவில்லை.

நான் போய் நின்றவுடன் கட்டிலில் இடம் ஒதுக்கினார்.

"கேஸு எடுக்கவா வந்திருக்கிய?"

"ஆமாம்."

"பேனா இருக்கா? போன பேட்சுல ஒரு தம்பி பேனா இல்லாம வந்துட்டு எங்கிட்டயே கேக்காவ. உக்காருங்க. பேரு, வயசு, ஊரு. அதுக்கப்புறம் தூக்கம், பசி. வரிசையாக் கேளுங்க, மாத்திக் கேட்டா எனக்கு மறந்துரும்."

கேட்டேன். ஓரிடத்தில் தடுமாறினேன். அவரே எடுத்துக் கொடுத்தார்.

"நூறுலருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லலியே, எம்மா? தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்பது, எழுவத்திரெண்டு, அறுவத்தஞ்சு. போதும். அஞ்சுக்கு மேல யாரும் கேக்க மாட்டாவ. பெரிய டாக்டருக்கே அதுக்கு மேல தெரியுமோ என்னமோ."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நோயாளியிடம் சிரித்தால் தொழில்முறை இடைவெளி போய்விடும் என்று படித்திருந்தேன்.

கடைசியாக அந்தக் கேள்வி. தீர்மானத் திறனைச் சோதிக்கக் காலங்காலமாகக் கேட்கிறோமே, அது. தெருவில் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, ஒரு கவர் கிடக்கிறது, என்ன செய்வீர்கள்? பைத்தியத்தையும் தெளிவையும் இந்த ஒரு கேள்வி பிரித்துவிடும் என்று நம் துறை நம்புகிறது.

"தபால்பெட்டியில போடுவேன்" என்றார் பேராச்சி. "எழுதிக்கிடுங்க. சரியான பதிலு."

எழுதிக்கொண்டேன். பிறகு வார்டு அலமாரியிலிருந்து அவருடைய பழைய தாள்களை எடுத்தேன். இது எழுதப்படாத வழக்கம், நீயும் செய்திருப்பாய். முந்தைய அணி எழுதியதைப் பார்த்து நம்முடையதைச் சரிசெய்துகொள்வது. அவர்கள் அதற்கு முந்தைய அணியைப் பார்த்து எழுதியிருப்பார்கள். ஆறு ஆண்டுகளின் தாள்களிலும் ஒரே வாக்கியங்கள். தகவல் தந்தவர்: தம்பி உச்சிமாகாளி. தகவலின் தன்மை: நம்பத்தகுந்தது, போதுமானது. கணவர்: பிரிந்து சென்றவர். குழந்தைகள்: இல்லை. பின்பு சிந்தனை என்ற தலைப்பின்கீழ்: தனக்கு மாரிச்செல்வி என்ற மகள் இருப்பதாக உறுதியாக நம்புகிறார், எடுத்துச் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

தம்பி ஒரே ஒரு முறைதான் வந்தான், அக்காளைச் சேர்த்த அன்று. கால் மணி நேரம் இருந்திருப்பான். 'நம்பத்தகுந்தது' என்று எழுதியவர் எந்த அணியோ, எனக்குத் தெரியாது. அவரும் மாணவர்தான்; அவருக்குப் பிறகு வந்த எவரும் அந்தத் தம்பியைப் பார்த்ததே இல்லை. இருந்தும் எல்லோரும் எழுதினோம், நம்பத்தகுந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும், ஆகையால் என்னுடையது இன்னும் நம்பத்தகுந்ததாக இருந்தது.

கேஸ் எடுத்து முடித்தால் நோயாளிக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கித் தருவோம். இப்போதும் தருகிறீர்களா? தருவீர்கள். அன்று நான் பொட்டலத்தை நீட்டியபோது பேராச்சி வாங்கவில்லை.

"பிஸ்கட்டு வேண்டாம்மா. ஆறு வருசமாத் தின்னு நாக்கு செத்துப் போச்சு. தப்பா நெனைக்காட்டா, ஒரு கவரும் ஸ்டாம்பும் வாங்கித் தாரியளா? அரைத்தாளும் வேணும், கோடு போட்டது."

மறுநாள் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஸ்டாம்பு என்னுடையது என்று நான் சொன்னால் அது சட்டப்படி உண்மை.

நான்காம் நாள், நான் வார்டை விட்டுக் கிளம்பும்போது, முந்தானைக்குள்ளிருந்து கவரை எடுத்தார். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். விலாசம் பெரிய பெரிய எழுத்தில்: செல்வி மா. மாரிச்செல்வி, மேற்பார்வை, தையல் பயிற்சிக் கூடம், மாதா கோவில் எதிரே, அப்புறம் ஓர் ஊர்.

"இத வெளிய போடணும். ஆபீசுல குடுத்தா ஆசுபத்திரி முத்திர குத்திருவாவ. முத்திர குத்துன கடுதாசி எங்கூருக்குப் போனா எந் தம்பி போஸ்ட்மேன்கிட்டயே வாங்கிக் கிழிச்சிப் போட்டுருவான். இந்த ஆபீசுலயும் எங்க வீட்டுக்கு வருசத்துக்கு ரெண்டு கார்டு போடத்தான் செய்தாவ. என்ன பிரயோசனம்? முத்திரையப் பாத்தாலே ஊருக்குத் தெரிஞ்சிருமுல்லா, உச்சிமாகாளி அக்கா எங்க இருக்கான்னு."

"உங்கள் மகளுக்கா?" என்று கேட்டேன். ஒத்துக்கொள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது. நடுநிலையாகக் கேட்க வேண்டும். அதைக் கச்சிதமாகச் செய்தேன்.

"ஆமா. எங்கூர்க்காரி ஒருத்தி மாத்திர வாங்க வந்தா. அவதான் சொன்னா, பிள்ள தையல் படிக்கப் போறாளாம். சித்திரையோட பதினெட்டு முடிஞ்சிட்டு. இனி அவ கையெழுத்துச் செல்லும்லா? சிஸ்டர்ட்ட கேட்டேன், செல்லும்னாவ. எம்மா, இந்த மாசக் கடைசியில வேன் வருது. ஆளு இல்லாதவிய எல்லாரையும் வடக்க பெரிய காப்பகத்துக்கு ஏத்தி விட்டுருவாவளாம், இங்க கெட்டடத்த இடிக்காவளாம். அங்க போயிட்டா அம்புட்டுத்தான். பிள்ளைக்கு வழி தெரியாது. அதுக்குள்ள இது போயிரணும். நாலு நாளுதான் ஆகும், என்ன?"

"மூன்று நாளில் போய்விடும்" என்றேன்.

கவரை என் வெள்ளைக் கோட்டின் பையில் வைத்தேன். மருத்துவமனை வாசலைத் தாண்டினால் தபால்பெட்டி. இப்போது அங்கே பழச்சாறு கடை இருக்கிறதே, அந்த இடம். அதைக் கடந்துதான் விடுதிக்குப் போனேன்.

ஏன் போடவில்லை என்றுதானே உன் முகம் கேட்கிறது? படித்தவளாக யோசித்துப் பார். இல்லாத மகளுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது அந்த நோயாளியின் பிழையான நம்பிக்கைக்கு நாமே கைகொடுப்பது. பாடநூலில் தெளிவாக இருக்கிறது. அதோடு, கடிதம் என்பது ஆவணம். நோயாளி தன் கைப்பட எழுதிய சான்று எந்த மாணவருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. விடுதி அறையில் ஒரு கொண்டை ஊசியால் நெம்பினேன். சோற்றுப் பருக்கைதானே, வந்துவிட்டது.

உள்ளே பத்து வரிகள். எனக்கு மனப்பாடம். மனப்பாடம் செய்ய வேண்டும் என்று செய்ததில்லை, தங்கிவிட்டது.

'அன்புள்ள மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. நான் நல்லா இருக்கேன். சீக்கு சொகமாகி அஞ்சு வருசம் ஆச்சு. மாமா உன்னிடம் நான் செத்துப்போனதாகச் சொல்லியிருந்தால் அதை மனசுல வைக்காதே. அவனும் உன்னை வளத்திருக்கான். உனக்கு பதினெட்டு முடிஞ்சதால் நீ வந்து கையெழுத்துப் போட்டால் விடுவார்கள். ஆனி மாசம் முடியும் முன்னே வா. தனியா வராதே, டீச்சரைக் கூட்டிக்கொண்டு வா. என்னை வச்சிக்க முடியாட்டாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போட்டு வெளியில விடு, நான் எங்கேயாவது வேலை செஞ்சு பொழச்சுக்குவேன். நீ தச்ச துணி ஏதாவது இருந்தால் உடுத்திக்கொண்டு வா.'

படித்துவிட்டு நான் என்ன எழுதினேன் தெரியுமா? பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது, நீயும் பார்த்து எழுதியிருப்பாய். 'நம்பிக்கை நன்கு கட்டமைக்கப்பட்டது. வயது, தொழில், இடம் எனத் துணை விவரங்களுடன் கூடியது. மறுக்கும் சான்றுகளுக்கு முன்கூட்டியே விளக்கம் அளிக்கப்பட்டுள்ளது.' நல்ல தமிழில் எழுதியிருந்தால் ஒரே சொல் போதும்: உண்மை. இரண்டு குண்டூசிகள் எடுத்து, கடிதத்தையும் கவரையும் அந்தப் பக்கத்தோடு சேர்த்துக் குத்தினேன். துரு அவற்றினுடையது. உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேண்டுமானால் எழுந்து போகலாம்.

போகவில்லை. சரி.

அடுத்த நாள் காலையில் வார்டுக்குள் நுழைந்தவுடன், "போட்டாச்சா?" என்றார்.

"போட்டாயிற்று."

அதைப் பொய் என்று நினைக்காதே. நோயாளியின் நம்பிக்கையை முகத்துக்கு நேரே உடைக்கக் கூடாது, பதற்றம் கூடும். நான் சொன்னது சிகிச்சை சார்ந்த ஒரு வாக்கியம். தினமும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணுவார். இன்னைக்குப் போய்ச் சேந்திருக்கும். இன்னைக்கு டீச்சர் படிச்சுக் காட்டியிருப்பாவ. இன்னைக்கு மாமன்ட்ட சண்ட போடுவா, அவ எம் பிள்ள, சண்ட போடுவா. ஏழாம் நாளிலிருந்து பார்வையாளர் நேரத்தில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வராந்தாக் கம்பியருகில் நின்றார். துணிகளை ஒரு பழைய தலையணை உறைக்குள் திணித்துக் கட்டி வைத்திருந்தார். நான் குறித்துக்கொண்டேன்: 'பிழையான நம்பிக்கைக்கு ஏற்ப நடத்தையும் மாறியுள்ளது.' குறிப்பில் குறையே இல்லை, அம்மா. அவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கும் மாணவி இந்தக் கல்லூரிக்கு அதற்குப் பிறகு வரவில்லை என்று தாணுமூர்த்தி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். பன்னிரண்டாம் நாள் நடந்தது முழுக்க முழுக்க அவருடைய தவறு.

அன்று கருத்தரங்க அறையில் என் கேஸை எல்லோர் முன்னும் வாசித்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். வாசித்து முடித்ததும் நோயாளியை அழைத்து வரச் சொல்வார்கள், பேராசிரியர் இரண்டொரு கேள்விகள் கேட்பார், அதுதான் முறை. சிஸ்டர் கிரேஸ்மணி பேராச்சியை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். வார்டுப் பொறுப்புச் செவிலியர் அவர், டிப்ளமா படித்தவர், எதையும் உணர்ச்சிவசப்பட்டே அணுகுவார். பேராச்சி பழகிய அறைக்கு வருபவரைப் போல வந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நல்லா வாசிச்சியளா என்பது போல.

தாணுமூர்த்தி என் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்தார். "இந்த மாதிரி கேஸ் ரெக்கார்ட் நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. பேஷன்ட்டோட லெட்டரையே கலெக்ட் பண்ணியிருக்கா பாருங்க" என்று பதினான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். காட்டியதோடு விட்டாரா? வாசித்தார். 'நீ தச்ச துணி' என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பேராச்சிக்கு முதலில் விளங்கவில்லை. கவரின் நீல மை எழுத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"அது எங் கடுதாசில்லா" என்றார்.

என் பக்கம் திரும்பினார்.

"எம்மா, போட்டாச்சுன்னியளே."

என்னிடம்தான் சொன்னார். சத்தம் போடவில்லை. குரலின் வேகம் சரி, சத்தம் சரி. நான் பேராசிரியரைப் பார்த்தேன். கேள்வி நோயாளியினுடையது, அரங்கு பேராசிரியருடையது. நான் இடையில் பேசுவது முறையன்று.

தாணுமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தை நிலைப்படுத்துவதற்காக, வழக்கமான கேள்விக்குப் போனார். "சரி பேராச்சி, இதச் சொல்லு. தெருவுல விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, ஒரு கவர் கெடக்கு. என்ன செய்வே?"

ஆறு ஆண்டுகளில் எத்தனையோ அணிகளுக்குச் சரியான பதில் சொன்னவர். அன்று பேராசிரியர் கையிலிருந்த கவரைப் பார்த்தார்.

"அப்படியே கெடக்கட்டும்னு விட்டுருவேன் சார்" என்றார். "படிக்காதவுக யாராவது அந்தப் பக்கம் வந்தா எடுத்துப் போடுவாவ."

'தீர்மானத் திறன்: பாதிக்கப்பட்டுள்ளது.' பேராசிரியர் சொன்னார், நான் எழுதினேன். முன்பு நான் எழுதியிருந்த 'பாதிக்கப்படவில்லை' என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். திருத்தத்தை அப்படித்தான் செய்ய வேண்டும்; மையால் கிறுக்கி மறைக்கக் கூடாது. இதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்.

மாலையில் சிஸ்டர் கிரேஸ்மணி விடுதிக்கே வந்துவிட்டார். வரவேற்பறையில் உட்காரக்கூட இல்லை.

"அந்தக் கடுதாசியத் தாங்க, டாக்டரே. இன்னைக்குச் சாயந்தரத் தபாலுக்குச் சேத்துட்டுப் போறேன். வேன் வர இன்னும் அஞ்சு நாளு இருக்கு."

"சிஸ்டர், அவருக்கு மகள் இல்லை. தாளில் இருக்கிறது."

"தாள்ல இருக்கும். அந்தம்மா வயித்துல தையல் போட்ட தழும்பு இருக்கு, அதுவும் தாள்ல இருக்கா? நான் குளிப்பாட்டி விட்டவ. பிள்ள பெத்த வயிறு எனக்குத் தெரியாதா? நீங்க உடம்பப் பாத்தியளா, இல்ல வாயை மட்டும் பாத்தியளா?"

உடல் பரிசோதனைப் பகுதியை நானும் பழைய தாளைப் பார்த்துத்தான் நிரப்பியிருந்தேன். 'குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை.' அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

"பதிவேடு மதிப்பீட்டுக்குப் போய்விட்டது" என்றேன். "பரிசுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். இப்போது அதிலிருந்து ஒரு தாளை எடுக்க முடியாது."

போயிருந்ததா என்றா கேட்கிறாய்? மறுநாள் காலையில் போக இருந்தது. என் மேசையில் இருந்தது. நடைமுறையில் போனதற்குச் சமம்.

"விலாசமாவது சொல்லுங்க, நான் எழுதிப் போடுதேன். அந்தம்மாட்ட கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கா. மத்தியானத்துலருந்து சுவரப் பாத்துப் படுத்திருக்கா."

"நோயாளியின் ஆவணத்தில் இருப்பதை வெளியே சொல்வது நெறிமுறைக்கு எதிரானது, சிஸ்டர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் படிச்சிருக்கிய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. இருபத்திரண்டு வயதில் யார் எதைச் சொன்னாலும் பாராட்டாகத்தான் கேட்கும்.

வேன் வந்த அன்று எங்கள் பணிக்காலம் முடிந்துவிட்டது. நான் கண் மருத்துவப் பிரிவில் இருந்தேன். ஆறு பெண்களை ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். பேராச்சி மறுக்கவில்லையாம், அழவில்லையாம். நல்ல கேஸ் அல்லவா. தலையணை உறை மூட்டையை வார்டிலேயே விட்டுவிட்டுப் போனாராம். ஆகஸ்டில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். பதிவேட்டை மாதிரியாக நூலகத்தில் வைத்தார்கள். அது ஒரு பெருமை, மறுப்பதற்கில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நான் இங்கே உதவிப் பேராசிரியராக இருந்தபோது, புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது. கையில் மருந்துச் சீட்டு இல்லை. ஒரு பழைய அஞ்சலட்டை. நம் மருத்துவமனை முத்திரை குத்திய அட்டை. அவளுடைய மாமா இறந்துபோனாராம். அரிசிப் பானைக்கு அடியில் இருந்ததாம் இது.

"டாக்டர், எங்கம்மா இங்க இருந்தாவளாம். செத்துப் போயிட்டாவன்னு சொல்லித்தான் என்னைய வளத்தாவ. பேராச்சின்னு பேரு."

அவள் உடுத்தியிருந்த ரவிக்கையின் தையலை நான் பார்த்தேன். மிக நேர்த்தியான தையல்.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். அதை நீ எழுத வேண்டும். காப்பகத்துக்கு நானே தொலைபேசியில் பேசினேன், அரை மணி நேரம் காத்திருந்து பதிவேட்டைத் தேடச் சொன்னேன். விவரம் கிடைத்ததும் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முறைப்படி தெரிவித்தேன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பெடுப்பவள் நான்தானே.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "எங்கம்மா என்னையப் பத்தி ஏதாவது சொன்னாவளா? யாருக்காவது ஞாபகம் இருக்குமா?"

நூலகம் அந்த அறையிலிருந்து பத்தடி. கதவு திறந்திருந்தது. நான் மருத்துவராக யோசித்தேன். 'பதினெட்டு முடிஞ்சதால் நீ வந்து கையெழுத்துப் போட்டால்' என்ற வரியை அவள் கையில் கொடுத்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்? தாய் கிடைக்கமாட்டாள். ஒரு தேதி மட்டும் கிடைக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு அவள் வாழ்நாள் முழுதும் கணக்குப் போடுவாள். அது கொடுமை. அந்தக் கொடுமையிலிருந்து அவளைக் காத்தேன்.

"பழைய பதிவுகள் எல்லாம் கட்டடம் இடித்தபோது அழிந்துவிட்டன, அம்மா" என்றேன்.

அதுவும் ஏறக்குறைய உண்மை. பெரும்பாலானவை அழிந்துதான் போயின.

அன்று மாலை குண்டூசிகளைக் கழற்றிக் கடிதத்தை எடுத்துவிட்டேன். இந்த மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. ஸ்டாம்பில் முத்திரை விழவில்லை. இன்னும் புதிதாகவே இருக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். காட்ட மாட்டேன்.

'அந்தக் கவர் கேள்வியை இப்போதும் தேர்வில் கேட்கிறீர்களே, தபால்பெட்டியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?' என்று போன வாரம் ஒரு புதிய ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி, நான் விடமாட்டேன் என்றேன். ஆண்டுக்கு நூற்றைம்பது மாணவர்களிடம் கேட்கிறேன். நோயாளியிடம் எப்படிக் கேட்பாய், என்னிடம் கேட்டுக் காட்டு என்பேன். அவர்கள் கேட்பார்கள். தபால்பெட்டியில் போடுவேன் என்று நான் சொல்வேன். சரி என்று குறித்துக்கொள்வார்கள். இதுவரை ஒருவர்கூட என்னைத் தவறென்று குறித்ததில்லை.

பத்துக் குறிப்புகள் ஆகவில்லை, தெரியும். மீதியை நீயே நிரப்பிக்கொள்; நேரத்துக்கு வரவும், கோட்டு அணியவும் என்று ஏதாவது. தம்பி சொன்னதை நம்பாதே என்று எழுது. சிஸ்டரைக் கேள் என்று எழுது. வயிற்றைப் பார் என்று எழுது. என் பெயர் வேண்டாம். இன்னொன்று, தொடக்கத்தில் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேனே, அதை அடித்துவிடு. ஒரே கோட்டால். நோயாளியின் பெயரை அச்சில் வெளியிடக் கூடாது, அது நெறிமுறை. 'நோயாளி பி.' என்று போடு.

அவருக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பேராச்சி வடக்கே அந்தக் காப்பகத்தில் எட்டு ஆண்டுகள் இருந்தார். அங்கே சமையற்கட்டில் காய் நறுக்கினார். மாணவர்கள் வந்தால் கேஸ் கொடுக்க மறுத்துவிட்டார் என்று குறித்திருக்கிறார்கள். நாற்பத்தொன்பதாம் வயதில், ஒரு மாசி மாதத்தில், காசநோயால் இறந்தார். மகள் தேடி வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. உடலை வாங்க யாரும் இல்லாததால் மாநகராட்சி ஆட்கள் அடக்கம் செய்தார்கள். இறப்புப் பதிவில் 'குழந்தைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. நம் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.